டார்ச் அடித்து என்னதான் பார்க்கிறார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. நான்கு நாட்களுக்கு முன் வலது புருவத்துக்கு மேல் கடுமையாக வலித்தது. மறுநாள் காலையில் வலது இமை முழுவதுமாக இறங்கிவிட்டது. கையால் தூக்கிப் பிடித்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறார். மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். கண் மருத்துவர், கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நரம்பியல் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பக்கவாதம் எதுவும் இல்லை. ஆனாலும் காலை, மாலை, நள்ளிரவு என்று யாராவது வந்து கண்ணில் டார்ச் அடிக்கிறார்கள். விரலை ஆட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். இப்போது ரத்தக்குழாய்க்கென்று இன்னொரு ஸ்கேன் வேண்டுமாம். கண் நன்றாக இருக்கிறது என்றால் அதில் என்ன தேடுகிறார்கள்? இமை திரும்பத் திறக்குமா?

பதில்: கண்மணியைப் பார்க்கிறார்கள். வெளிச்சம் பட்டால் சுருங்கி, இருட்டில் விரிகிற அந்தக் கறுப்புத் துளையை. இமை இறங்கியதுதான் உங்கள் கண்ணை உறுத்துகிறது. எங்களுக்கோ அந்த இமைக்குப் பின்னால் இருக்கும் கண்மணி எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

கண் மருத்துவர் சொன்னது சரிதான். விழியும் விழித்திரையும் நன்றாக இருக்கின்றன. விழியை ஆட்டுவிக்கும் நரம்புதான் படுத்துவிட்டது. ஒரு கண்ணை அசைக்கும் தசைகள் ஆறு. அவற்றில் நான்கை இயக்குவது மூன்றாவது மூளை நரம்பு. இமையைத் தூக்கும் தசையும் அதன் பொறுப்பு. கண்மணியைச் சுருக்கும் இழைகளும் அதனோடுதான் வருகின்றன. அது செயலிழந்தால் இமை விழும். மிச்சமுள்ள இரண்டு தசைகள் மட்டும் இழுப்பதால் விழி வெளிப்பக்கமாகவும் சற்றுக் கீழாகவும் போய் நின்றுவிடும். இமையைத் தூக்கியபோது அப்பாவின் வலது கண் காதுப் பக்கம் ஒதுங்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு கண்களும் இரண்டு திசையில் பார்த்தால் காட்சியும் இரண்டாகத்தானே தெரியும்?

இந்த நரம்பை ஒரு கயிறாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்மணியைச் சுருக்கும் இழைகள் கயிற்றின் மேற்பரப்பில் ஓடுகின்றன. தசைகளுக்கான இழைகள் உள்ளே இருக்கின்றன. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் நரம்புக்குள் போகும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடும்போது, கயிற்றின் நடுப்பகுதிதான் ரத்தமில்லாமல் வாடும். மேற்பரப்பு பெரும்பாலும் தப்பிவிடும். இமை விழும், விழி அசையாது, கண்மணி மட்டும் எப்போதும்போல் வெளிச்சத்துக்குச் சுருங்கும். வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினால் கதை தலைகீழ். முதலில் நசுங்குவது மேற்பரப்பு. ஆகவே கண்மணி விரிந்துபோய், வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் நிற்கும்.

அப்படி அழுத்தக்கூடியவற்றில் நாங்கள் மிகவும் அஞ்சுவது அனியூரிசம். மூளையின் அடிப்பகுதியில் இந்த நரம்பை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. அதன் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி, பலூன் போலப் புடைத்து நரம்பின்மேல் சாயலாம். அது வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வெடிப்பதற்கு முன் அது கொடுக்கும் ஒரே எச்சரிக்கை சில சமயம் இந்த இமையும் இந்தக் கண்மணியும்தான். சாதாரண எம்.ஆர்.ஐ. இதைத் தவறவிடலாம். அதனால்தான் ரத்தக்குழாய்களை மட்டும் தனியாகக் காட்டும் ஆஞ்சியோகிராம் ஸ்கேன். வலியை வைத்துப் பிரித்தறிய முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது, சர்க்கரையால் வரும் பாதிப்பிலும் புருவத்துக்கு மேல் இதே அளவுக்கு வலிக்கும்.

கண்மணி இன்று நன்றாகச் சுருங்குகிறது என்பதாலும் நாங்கள் ஓய்ந்துவிடுவதில்லை. அனியூரிசம் உள்ள சிலருக்குச் சில நாட்கள் கழித்தே கண்மணி விரியத் தொடங்கும். மறுபக்கம், சர்க்கரை பாதிப்பிலேயே கண்மணி லேசாக, பொதுவாக 1 மி.மீ.க்குள், விரிவதும் உண்டு. ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் சொல்லிவிட முடியாத நோய் இது. காலையில் 3 மி.மீ. இருந்தது இரவில் 5 ஆகியிருக்கிறதா என்பதே கேள்வி. நள்ளிரவில் அப்பாவின் தூக்கத்தைக் கெடுக்கும் பயிற்சி மருத்துவர்மேல் கோபம் வேண்டாம். அவர் குறிப்பேட்டில் எழுதிப் போகும் அந்த ஓர் எண்ணைத்தான் காலையில் நான் முதலில் தேடுவேன்.

பெரிதான கண்மணி எல்லாமே ஆபத்து என்றும் எண்ணிவிடாதீர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இயல்பாகவே இரண்டு கண்மணிகளுக்கும் சிறு அளவு வித்தியாசம் இருக்கும். ஒருமுறை நள்ளிரவில், "ஒரு கண்மணி முழுக்க விரிந்துவிட்டது, உடனே வாருங்கள்" என்று வார்டிலிருந்து அழைப்பு வந்தது. மூளைக்குள் அழுத்தம் ஏறிவிட்டதோ என்று ஓடினேன். நோயாளி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் மூக்குக்கண்ணாடியை யார் எடுத்து வைத்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இமை சரி, அசைவு சரி, பேச்சில் குழப்பமில்லை. கண்மணி மட்டும் அசையவில்லை. ஆஸ்துமாவுக்காக அவருக்கு நெபுலைசர் வைத்திருந்தார்கள். முகமூடி ஒருபக்கமாகச் சரிந்து, மருந்துப் புகை நேரே அந்தக் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது! அந்த மருந்துக்கே கண்மணியை விரிக்கும் குணம் உண்டு. மறுநாளைக்குள் சரியாகிவிட்டது. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டிருந்தாலும் இதே தோற்றம்தான். எப்போது விட்டார் என்பதை வார்டில் சொல்லிவையுங்கள்.

விரலை ஆட்டுவது வேறு காரணத்துக்காக. கண்ணுக்குப் பின்னால் ஓரிடத்தில் மூன்றாவது, நான்காவது, ஆறாவது நரம்புகள் மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. விழி வெளிப்பக்கமும் போக மறுத்தால் கோளாறு அங்கே இருக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு மூக்கடைப்பு, கறுப்பாக மூக்கொழுகல், கன்னம் மரத்துப்போதல், கண் வீக்கம் ஆகியவையும் சேர்ந்தால் கறுப்புப் பூஞ்சையை நினைத்தாக வேண்டும். அதில் ஒரு நாள் தாமதம்கூடப் பெரிய இழப்பு.

இமை இறங்குவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. காலையில் திறந்திருந்து மாலையில் சரிந்தால், மேலே பார்க்கச் சொன்ன ஒரு நிமிடத்திலேயே தளர்ந்தால், தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியா. அதில் கண்மணி கெடுவதில்லை. இமை ஓரிரு மி.மீ. மட்டும் தாழ்ந்து, கண்மணி பெரிதாவதற்குப் பதில் சிறிதாகியிருந்தால் அது ஹார்னர் நோய்க்குறி. சுவிஸ் கண் மருத்துவர் யோஹான் ஃபிரெடரிக் ஹார்னர் 1869-இல் விவரித்தது. கழுத்து வலியோடு அது வந்தால் கழுத்துத் தமனியின் சுவர் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்போம். உங்கள் விவரிப்பு இரண்டோடும் ஒத்துப்போகவில்லை.

அப்பாவின் வயதில் இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. நெற்றிப்பொட்டில் தொட்டால் வலி, தலை சீவும்போது எரிச்சல், மெல்லும்போது தாடை வலி ஆகியவை உண்டா என்று கேளுங்கள். இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்; அது தமனி அழற்சியாக இருக்கலாம், பார்வையையே பறித்துவிடும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் எழுதியிருந்தால் அவை இதற்காகத்தான்.

ஸ்கேனுக்குத் தயங்காதீர்கள். சி.டி. முறையில் எடுப்பதென்றால் ஊசி வழியாகச் சாயமருந்து செலுத்துவார்கள். முன்னதாகச் சிறுநீரகத்தின் நிலையை அறிய கிரியேட்டினின் பார்ப்பார்கள். அப்பா மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறார் என்றால் சொல்லிவிடுங்கள். அதை நிறுத்திவைக்க வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இதற்கிடையில் இதுவரை அறியாத அளவுக்குத் திடீர்த் தலைவலி, வாந்தி, மந்தமான தூக்கம், பார்வை மங்கல், கை கால் பலவீனம் என்று எது வந்தாலும் அடுத்த ரவுண்டு வரட்டும் என்று காத்திருக்காமல் செவிலியரைக் கூப்பிடுங்கள்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை, சர்க்கரைதான் காரணம் என்று முடிவானால், இமை திறக்குமா என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் திறக்கும். சில வாரங்களில் அசைவு தெரியத் தொடங்கி, பொதுவாக மூன்று மாதங்களுக்குள் சரியாகிவிடும். அதற்கென்று தனி மருந்து இல்லை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதுதான் வேலை. நரம்பு வளர என்று விற்கும் மாத்திரைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மூன்று மாதங்கள் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால், அல்லது மூக்குப் பக்கம் பார்க்கும்போது இமை தானாக மேலே ஏறுகிறது என்றால், சர்க்கரைதான் என்ற முடிவையே மறுபடி சந்தேகிக்க வேண்டும். திரும்ப வந்து காட்டுங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இப்போது இமை மூடியிருப்பதால் அப்பாவுக்கு உலகம் ஒன்றாகத் தெரிகிறது. இமை பாதி திறக்கும் நாளில் திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரியும். நோய் முற்றிவிட்டது என்று பல குடும்பங்கள் அலறியடித்துக்கொண்டு வருவது அன்றைக்குத்தான். இமை விழிக்கு முன்னால் விழித்துக்கொண்டது, அவ்வளவே. அந்தச் சில வாரங்கள் வண்டி ஓட்ட வேண்டாம், படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மெல்லிய வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டிக்கொடுங்கள், இரட்டைப் பார்வை போய்விடும். எந்தக் கண்ணை மறைத்தாலும் சரிதான்.