மோட்டார்ஹோம் சுவரில் சுருக்கம்: பசையை எடுக்கும் முன் ஈரத்தைப் பாருங்கள்

கேள்வி: மே மாதம் ஒரு டீலரிடம் 2011ஆம் வருடத்து மோட்டார்ஹோம் (உள்ளேயே படுத்து, சமைத்துப் பயணம் போகும் வண்டி) ஒன்றை 27,500 பவுண்டுக்கு வாங்கினோம். முன்பணம் 500 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கட்டினோம், மீதியை வங்கி மூலம் அனுப்பினோம். வாங்கும்போது உள்சுவர் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆகஸ்டில் பிள்ளைகளோடு வேல்ஸ் போய் ஒரு வாரம் மழையில் நின்றோம். திரும்பி வந்து பார்த்தால், பின்பக்கக் கட்டிலுக்கு மேல் மூலையில் சுவர்த்தாள் சுருக்கம் விழுந்து உப்பி நிற்கிறது. டீலருக்குப் போன் செய்தோம். "வெயிலுக்குப் பசை இளகியிருக்கும், ஒட்டிவிடுங்கள். பழைய வண்டி, பார்த்து வாங்கியது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். கணவர் ஸ்ப்ரே பசை வாங்கி வைத்துவிட்டார். ஒட்டலாமா? (ஹாரோ வாசகி)

பதில்: வேண்டாம். அந்த டப்பாவை இப்போதைக்குத் திறக்கவே வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். ஒட்டிவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறதா இல்லையா என்பது மறைந்துவிடும். அதோடு, நீங்கள் கை வைத்த இடத்தைக் காட்டியே டீலர் நழுவிவிடுவார்.

முதலில் அந்தச் சுவர் எதனால் ஆனது என்று சொல்கிறேன். வெளியே அலுமினியத் தகடு அல்லது ஃபைபர்கிளாஸ். அதற்குள் மரச் சட்டமும் பாலிஸ்டைரீன் நுரைப் பலகையும். உள்பக்கம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ப்ளைவுட், அதன் மேல் அச்சடித்த மெல்லிய வினைல் தாள். நாம் கையால் தடவும் 'வால்பேப்பர்' அந்த வினைல்தான். வினைலுக்குள் தண்ணீர் புகாது, அதனால் பின்னால் வந்த தண்ணீர் வெளியே வரவும் வழியில்லை. ப்ளைவுட் ஊறி உப்பும், பசை விடும், ஆறின பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி தாள் சுருங்கி நிற்கும்.

வெயிலுக்குப் பசை இளகும் என்று டீலர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஜன்னலுக்கு மேல், கூரைக் கண்ணாடியைச் சுற்றி, ஹீட்டர் குழாய்க்குப் பக்கத்தில் அப்படி நடக்கும். ஆனால் உங்கள் சுருக்கம் கூரையும் பின்சுவரும் சேரும் மூலையில், ஒரு வார மழைக்குப் பிறகு வந்திருக்கிறது. அந்தச் சேர்க்கையை வெளியிலிருந்து மூடுவது ஒரு பட்டையும் அதன் அடியில் வைத்த மாஸ்டிக் என்னும் அடைப்புப் பசையும்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் மாஸ்டிக் காய்ந்து இறுகிவிடும். வண்டி ஓடும்போது உடம்பு அசையும், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். பின்விளக்கு, ஏணி, ரிவர்ஸ் கேமரா என்று திருகாணி இறங்கிய இடமெல்லாம் அதே கதை. தண்ணீர் மேலே நுழைந்து மரச் சட்டத்தோடு ஓடி வேறெங்கோ இறங்கும். ஆகவே சுருக்கம் இருக்கும் இடம்தான் ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டைவிரலால் சுருக்கத்தின் மேல் அழுத்துங்கள். தாள் மட்டும் அமுங்கி, அடியில் கெட்டியாகப் பலகை தட்டுப்பட்டால் பசைக் கோளாறாக இருக்கலாம். பலகையே விரலோடு உள்ளே போனால் அது ஈரம். விரல் நகத்தால் தட்டியும் பாருங்கள்: காய்ந்த சுவர் 'டக்' என்னும், ஊறிய சுவர் மந்தமாகக் கேட்கும். பக்கத்து அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது ஈரமானி. இரண்டு ஊசி வைத்த சாதாரண கருவியை எந்த ஹார்ட்வேர் கடையிலும் வாங்கலாம். மரத்துக்கான அளவில் 15 சதவீதத்துக்குள் என்றால் கவலை இல்லை. 20ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 30ஐத் தாண்டினால் உள்ளே மரம் கெடத் தொடங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி இரண்டு புள்ளி விடும் என்பதால் உள்பக்க ஓரப் பட்டையை ஒட்டிய மறைவான இடத்தில் குத்துங்கள். காலையில் ஜன்னல் வியர்த்திருக்கும்போது அளந்தால் எண் தவறாக ஏறும். வண்டியைக் காற்றாட விட்டு, நடுச்சுவரில் காய்ந்த இடம் ஒன்றையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் முதல் வண்டியில் மேசைக்குப் பின்னால் ஒரு சாண் அளவுக்குத் தாள் உரிந்திருந்தது. நான் பசை தடவி, பலகை வைத்து அழுத்தி, அழகாக ஒட்டிவிட்டேன். குளிர்காலம் முழுக்க வண்டி வாசலில் நின்றது. மார்ச் மாதம் மெத்தையை நகர்த்தினால் அதே இடத்தில் கறுப்புப் புள்ளிகள். தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், ப்ளைவுட்டும் சேர்ந்து வந்தது, தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி. அதன் பின்னால் இருந்த மரச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் இறங்கியது. தொடக்கத்திலேயே பார்த்திருந்தால் ஒரு பட்டையைக் கழற்றி மாட்டுகிற வேலை. ஐந்து மாதத்தில் அது சுவரைப் பிரிக்கிற வேலையாகிவிட்டது.

சரி, உங்கள் உரிமைக்கு வருவோம். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய வண்டிக்கும் உண்டு, விற்றவர் வியாபாரியாக இருந்தால் போதும். 'பார்த்து வாங்கியது' என்று சொல்லி டீலர் அதிலிருந்து தப்ப முடியாது. வண்டியின் வயதும் விலையும் கணக்கில் வரும், உண்மைதான்; 2011 வண்டியில் கீறலும் மங்கலும் சகஜம். ஆனால் 27,500 பவுண்டு வண்டிக்குள் மழை வரக்கூடாது. வாங்கும் முன் அவர் இந்தக் குறையை உங்களுக்குக் காட்டியிருந்தால், அல்லது நீங்கள் பார்த்தபோதே தெரியக்கூடியதாக அது இருந்திருந்தால்தான் உங்கள் வாதம் இடிபடும். வாங்கும்போது சுவர் சுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

வாங்கிய 30 நாளுக்குள் என்றால் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்டிருக்கலாம். அது போய்விட்டது. ஆனால் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், ஒப்படைத்த நாளிலேயே அது இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது டீலர்தான். நீங்கள் மே மாதம் வாங்கியிருக்கிறீர்கள், நவம்பர் வந்தால் இந்த வசதி கை நழுவும். அதற்குப் பிறகும் வழக்குப் போடக் காலம் இருக்கிறது, ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். ஆகவே இந்த வாரமே எழுதுங்கள். போனில் பேசியது போதாது, மின்னஞ்சலாக இருக்கட்டும். சுருக்கம் தெரிந்த தேதி, படங்கள், ஈரமானி காட்டிய எண் தெரியும்படி ஒரு படம், "2015 சட்டப்படி உங்கள் செலவில் சரிசெய்து தர வேண்டும்" என்ற ஒரு வரி, பதில் தர 14 நாள் கெடு. இவ்வளவு போதும். முடிந்தால் அங்கீகாரம் பெற்ற ஒரு பட்டறையில் ஈரச் சோதனை செய்து அறிக்கையும் வாங்கி இணையுங்கள், வாதம் கெட்டியாகும்.

சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை செய்தும் மறுபடி ஒழுகினால், விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது வண்டியையே திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுத்தால் இதுவரை ஓட்டியதற்கு ஒரு தொகையைக் கழிக்க அவருக்கு உரிமை உண்டு. பழுதுபார்ப்பு என்று சொல்லி வெளியே சிலிக்கான் பூசிவிட்டு வண்டியை நீட்டினால் ஏற்காதீர்கள். பட்டையைக் கழற்றி, பழைய மாஸ்டிக்கைச் சுரண்டி, புதிதாக வைத்து மாட்டுவதுதான் முறையான வேலை. என்ன செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், படமும் கேளுங்கள்.

அப்புறம் நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த 500 பவுண்டு. உங்கள் கையில் இருக்கும் பலமான சீட்டு அது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்கு மேற்படாமல் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், டீலரோடு சேர்ந்து கார்டு நிறுவனமும் பொறுப்பு. முன்பணத்துக்கு மட்டும் இல்லை, முழு வண்டிக்கும். டீலர் மறுத்தால் அந்த மறுப்பை வைத்தே கார்டு நிறுவனத்திடம் கோரிக்கை போடுங்கள். டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. வழியில் குழப்பம் வந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் பிரிவில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

அதுவரைக்கும் வண்டியை மழை படாமல் வையுங்கள். கூரையை முழுக்க இறுக்கி மூடும் தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வியர்க்கும். மெத்தையைச் சுவரிலிருந்து நகர்த்தி, ஒரு ஈரம் உறிஞ்சும் கருவியை ஓடவிடுங்கள்.

கேள்வி: எனக்குத் தெரிந்தவரின் நண்பரிடம் பழைய மோட்டார்ஹோம் வாங்கினேன். ஜன்னலுக்கு மேல் தாள் ஒரு முழ நீளத்துக்குக் கழன்று தொங்குகிறது. பல இடத்தில் அளந்தேன், 10, 11 சதவீதம்தான். எப்படி ஒட்டுவது? (லெஸ்டர் வாசகர்)

பதில்: தனி ஆளிடம் வாங்கினால் தரத்துக்கு உத்தரவாதம் கேட்க முடியாது. அவர் சொன்ன விவரம் பொய்யாக இருந்தால் மட்டுமே கேட்கலாம். நல்லவேளை, உங்கள் சுவர் காய்ந்திருக்கிறது, ஒட்டலாம்.

பழைய பசைத் தூளை இரண்டு பக்கமும் தேய்த்து எடுங்கள். கான்டாக்ட் பசையில் சூடு தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண வகை அடுத்த ஜூலையில் மறுபடி விடும். தாளிலும் பலகையிலும் மெல்லிசாகத் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்டு, விரல் ஒட்டாத பதம் வந்ததும் மேலிருந்து கீழாக உருளையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒருமுறை பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. ஒரு ஆள் தாளைத் தள்ளிப் பிடித்திருக்க, இன்னொருவர் அழுத்துவது நல்லது. பலகையில் எங்காவது ஓட்டையோ வெடிப்போ இருந்தால் முதலில் அடையுங்கள். கரைப்பான் கலந்த பசை உள்ளே போனால் பாலிஸ்டைரீன் நுரை சர்க்கரை மாதிரி கரைந்து குழி விழும். எல்லாக் கதவையும் திறந்து வைத்து, கேஸையும் நெருப்பையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

தாள் நீண்டு போயிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் ஒரு மடிப்பு மிஞ்சும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டினால் கொஞ்சம் இளகிப் படியும். அப்படியும் நின்றால் மடிப்பின் முதுகில் கூரான கத்தியால் ஒரு கோடு கிழித்து, ஒரு விளிம்பை மற்றதன் மேல் படியவைத்து, மிஞ்சியதை வெட்டி எடுங்கள். சுவர் முழுக்கவே கழன்றால், இழுத்தால் நாலு பக்கமும் நீளும் வேன் கார்ப்பெட் ஒட்டுவதுதான் சுலபம், மேடு பள்ளத்தை மறைக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் அது வேண்டாம். சுவரிலும் தரையிலும் உள்ள காற்றுத் துவாரங்களை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். கேஸ் எரியும் வண்டியில் அவை உயிர் காக்க வைத்தவை.

கேள்வி: ஞாயிறன்று ஒரு வண்டி பார்க்கப் போகிறேன். சுவரில் எதைக் கவனிக்க வேண்டும்? (க்ராலி வாசகர்)

பதில்: பகலில் போங்கள், கையில் டார்ச் வேண்டும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத சின்ன அலைகூட நிழலாகத் தெரியும். நாலு மூலை, ஜன்னலின் கீழ் ஓரம், கூரைக் கண்ணாடியைச் சுற்றி, கட்டிலைத் தூக்கிப் பின்சுவர், குளியலறை மூலை, இவற்றை விடாதீர்கள். ஒரே ஒரு மூலையில் மட்டும் புதுத் தாளோ புதுக் கார்ப்பெட்டோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வண்டியின் வீட்டுப் பகுதிக்குச் செய்யும் வருடாந்திரச் சோதனையின் (ஹாபிடேஷன் செக்) அறிக்கைகளையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் வண்டியின் படம் வரைந்து ஒவ்வொரு இடத்தின் ஈர அளவையும் குறித்திருப்பார்கள். கடைசி மூன்று வருடத்துத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மூலையின் எண் வருடத்துக்கு வருடம் ஏறுகிறதா என்று பாருங்கள்.