உடைந்த பல்சக்கரத்தை முதலில் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

என்னிடம் 1/10 அளவில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) டிரக் ஒன்று இருக்கிறது. மோட்டார் 3300 கே.வி. பிரஷ்லெஸ். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியிலிருந்து மூன்று செல்லுக்கு மாறிய மூன்றாம் நாளே, மோட்டார் சுற்றும் பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரமான ஸ்பர் கியரின் பற்கள் போய்விட்டன. மோட்டாரிலும் கை வைக்க முடியவில்லை. இரும்பு ஸ்பர் கியர் போட்டால் சரியாகுமா? மாலையில் வாகனங்கள் வராது என்பதால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

வாசகர், முத்தியால்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

இரும்பு கியரை இப்போது வாங்காதீர்கள். உடைந்த பல்சக்கரத்தை இன்னும் எறியவில்லையென்றால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் எல்லாப் பற்களும் மழுங்கியிருந்தால், பினியனும் (மோட்டார் தண்டிலுள்ள சிறிய பல்சக்கரம்) ஸ்பரும் சரியான இடைவெளியில் பொருந்தவில்லை என்று பொருள். அடுத்தடுத்த நான்கைந்து பற்கள் மட்டும் முறிந்திருந்தால், கல் சிக்கியிருக்கும், அல்லது தாவி இறங்கும்போது முழு விசை கொடுத்திருப்பீர்கள். காரணத்தை அறியாமல் இரும்பைப் பொருத்தினால் பிளாஸ்டிக் பல் வாங்கிக்கொண்ட அதிர்ச்சி, விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் சக்கர அச்சான ஆக்ஸிலுக்கும் போய்ச் சேரும். அவற்றை மாற்ற வண்டியையே பிரிக்க வேண்டியிருக்கும். வீட்டு மின்பலகையில் ஃபியூஸ் செய்யும் வேலையைத்தான் அந்தப் பிளாஸ்டிக் பல்சக்கரம் செய்கிறது.

பல்லைக் காப்பதற்கு இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, ஸ்பரோடு இருக்கும் வழுக்கு கிளட்ச்சான ஸ்லிப்பர் கிளட்ச்சின் நட்டைச் சற்றே தளர்த்தி, திடீரென விசை கொடுக்கும்போது அது கொஞ்சம் வழுக்குமாறு வைப்பது. மற்றொன்று இடைவெளி. நோட்டுத் தாளில் மெல்லிய துண்டு ஒன்றைக் கிழித்து இரண்டு கியர்களுக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை ஸ்பரோடு அழுத்திப் பிடித்துத் திருகாணிகளை முடுக்குங்கள். பிறகு ஸ்பரைச் சுற்றித் தாளை வெளியே எடுத்தால், அது விசிறிபோல் மடிப்பு விழுந்து, ஆனால் கிழியாமல் வர வேண்டும். ஸ்பர் எப்போதும் முழு வட்டமாக இருப்பதில்லை என்பதால், ஒரே இடத்தில் பார்த்ததோடு நிறுத்தாமல் முழுச் சுற்றும் சுற்றிப் பார்ப்பது அவசியம்.

இனி வெப்பம். கே.வி. என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் சுமையின்றி நிமிடத்தில் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கை, ஆகவே இரண்டு செல்லின் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு 24,420 சுற்றிய உங்கள் மோட்டார் மூன்று செல்லின் 11.1 வோல்ட்டில் 36,630 சுற்றப் பார்க்கிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் மூன்று மடங்குக்கும் மேல் கூடும் என்பதையும், அந்தத் திறன் முழுவதும் அதே சிறிய மோட்டாரிலிருந்து வர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது ஏன் கொதிக்கிறது என்பது விளங்கும். அளவுக்கு மீறிச் சூடேறினால் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரின் காந்தம் வலுவை நிரந்தரமாகவே இழந்துவிடும். இப்போது 15 பல் பினியன் இருக்குமானால் 11 பல்லுக்கு இறங்குங்கள். உச்ச வேகம் இரண்டு செல்லில் இருந்ததைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகவே இருக்கும். ஐந்து நிமிடம் ஓட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரைப் பாருங்கள். 80 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். நன்றாகக் கீழே இருந்தால் ஒரு பல் ஏற்றலாம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உங்கள் இ.எஸ்.சி. மூன்று செல்லைத் தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறதா என்பதை இதற்கெல்லாம் முன்பே பார்த்துவிடுங்கள்.

கடற்கரைச் சாலை வேண்டவே வேண்டாம். வாகனங்கள் இல்லாத அந்த நேரத்தில்தான் குழந்தைகளும் முதியவர்களும் அங்கே நடக்கிறார்கள். மூன்று கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, அதே எடையுள்ள பொருள் 19 மீட்டர் உயரத்திலிருந்து, ஏறக்குறைய ஆறு மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். சுற்றுச்சுவருள்ள காலி மைதானம் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அங்கும் முதலில் வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் சுழலும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சக்கரம் நிற்காவிட்டால், சிக்னல் அறுந்தால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடான ஃபெயில்சேஃபைச் சரிசெய்யாமல் தரையில் இறக்கக் கூடாது.

மணலையும் தவிர்த்துவிடுங்கள். கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையின் ஈர மணலில் ஒரு மாலை ஓட்டிவிட்டு, துணியால் துடைத்தது போதும் என்று வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் சக்கரத்தைச் சுற்றியபோது கரகரவென்றது. பேரிங்கைத் திறந்தால் குண்டுகளின்மேல் செந்துரு படர்ந்திருந்தது. எட்டு பேரிங்குகளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

11 பல்லில் ஐந்து நிமிடம் ஓட்டியபின் வெப்பமானி எத்தனை டிகிரி காட்டியது என்று எழுதுங்கள். அடுத்த பினியனை அதை வைத்து முடிவு செய்வோம்.

அன்புடன்.