காதுகுத்துக்கு முன் ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன். மகளுக்கு ஐந்து மாதம். பிறந்த பத்தாம் நாள் ஓயாத வாந்தி, துவண்டே போனாள். மதுரை பெரியாஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். அட்ரினல் சுரப்பிக் கோளாறு, கர்ப்பப்பை இருக்கிறது, பெண் குழந்தைதான் என்றார்கள். ஆனால் கீழே பார்த்தால் பையன் மாதிரி தெரிகிறது. காதுகுத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடச் சொல்கிறார் மாமியார். தனியார் டாக்டர் ஒருவரும் செய்யலாம் என்கிறார். என்ன செய்ய?

பதில்: அன்புத் தங்கைக்கு, இப்போது வேண்டாம்.

உங்கள் மகளுக்கு அவசரம் மருந்தில்தான். அவள் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை, உப்பும் தங்குவதில்லை. பத்தாம் நாள் துவண்டது அதனால்தான். கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோனை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். உப்புக்கான ஃப்ளூட்ரோகார்டிசோனும் அப்படியே. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் அளவைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக் குழந்தையின் பையிலேயே வையுங்கள். மருந்து தங்காமல் வாந்தி எடுத்தால் ஊசிதான், நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். நாட்டு வைத்தியத்தை நம்பி மருந்தை நிறுத்தச் சொன்னால், சொல்பவர் யாரானாலும் கேட்காதீர்கள்.

உறுப்பு பெரிதாகத் தெரிவதால் அவளுக்கு வலியில்லை. கார்டிசாலாக மாற வேண்டியது ஆண் ஹார்மோனாகத் திரும்பியதால், கருவிலேயே அப்படி வளர்ந்துவிட்டது. மருந்து ஒழுங்காகப் போனால் அந்த ஹார்மோன் அடங்கும். உடம்பு வளர வளர இந்த அளவுக்கு எடுப்பாகவும் தெரியாது. வெட்டினாலோ உணர்ச்சி நரம்புகள் சேதப்படலாம், தழும்பு விழலாம், பெரியவளான பிறகு மறுபடி ஆபரேஷனும் தேவைப்படலாம். போன உணர்ச்சியைத் திருப்பித் தர எந்த டாக்டராலும் முடியாது. விவரம் தெரிந்த வயதில் அவளே கேட்டால் அப்போது செய்துகொள்ளட்டும். மூத்திரம் அடைத்தாலோ அடிக்கடி கிருமி தொற்றினாலோ கதை வேறு, அதற்கான வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று உடம்பைப் பார்த்துத் தெளிவாகச் சொல்ல முடியாமல் பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பால் மாற்று அறுவை கூடாது என்று உத்தரவு போடும்படி 2019 ஏப்ரல் 22 அன்று அரசுக்குச் சொன்னதே நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம்தான். அந்த ஆகஸ்டிலேயே, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, தமிழக அரசு தடை விதித்தது. ‘இது பால் மாற்றம் இல்லை, சீரமைப்பு’ என்று டாக்டர் சொல்லக்கூடும். அப்படி வாதிடுபவர்கள் உண்டு. சிறு வயதில் செய்தால் சீக்கிரம் ஆறும், குழந்தைக்கு ஞாபகமும் இருக்காது என்பார்கள். அந்த ஞாபகமின்மைதான் எனக்கு உறுத்துகிறது. வாழ்நாளெல்லாம் அந்த உடம்போடு இருக்கப்போகிறவளைக் கேட்காமல் செய்வதற்கு அது எப்படிக் காரணமாகும்?

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ‘உன் வயிற்றில் வந்த குறை’ என்ற பேச்சு வீட்டில் எழுந்திருக்கும். அது பொய். இந்த மரபணு மாற்றம் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் அது இருக்கிற வாய்ப்பு கூடுகிறது. அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு; கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனைக்குப் போய்விடுங்கள்.

காதுகுத்தைத் தள்ளிப்போட வேண்டியதே இல்லை. ஜட்டி போட்டு, பட்டுப்பாவாடை கட்டி, உங்கள் அண்ணனோ தம்பியோ மடியில் வைத்துக்கொள்ளட்டும். குளிப்பாட்டுவது உங்களோடும் மாமியாரோடும் இருக்கட்டும். அவர் உங்களுக்கு அம்மாச்சியும் அல்லவா? பயத்தில்தான் அவசரப்படுகிறார். அடுத்த முறை பெரியாஸ்பத்திரிக்குப் போகையில் அவரையும் கூட்டிப் போங்கள். ‘பெண்தான்’ என்பதை டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.