குஞ்சு வளர்க்கும் குருவிக்கு ஏன் நோய் கூடுகிறது? – கேள்வி பதில்

அப்புத்தளையிலிருந்து ஒரு மாணவி: டீச்சர், எங்கள் லயத்துக் கல்மதில் பொந்தில் பட்டாணிக் குருவி குஞ்சு பொரித்திருக்கிறது. ஆண் குருவி நாளுக்கு நாள் இறகு கலைந்து வாடிப்போகிறது. அதற்கு நோயா?

மகள், கலைந்த இறகை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. இடுக்கில் நுழைந்து நுழைந்து இறகு தேய்ந்துவிடும். போன வருடம் எங்கள் மதிலிலும் ஒரு சோடி இருந்தது. காலை ஆறரையிலிருந்து ஒரு மணி நேரம் கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். இரண்டுமாக 31 தடவை வந்தன. அலகில் பச்சைப் புழு. திரும்பும்போது குஞ்சின் எச்சத்தை வெள்ளைப் பொட்டலம் போலக் கவ்விக்கொண்டு பறக்கும். தூறலிலும் ஓய்வில்லை. இந்த உழைப்பு உடலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிக்கு வழி திறந்துவிடக்கூடும். ஆகவே உங்கள் சந்தேகம் நல்ல சந்தேகம்.

ஹட்டனிலிருந்து: அது என்ன ஒட்டுண்ணி? எங்களுக்கும் தொற்றுமா?

பறவை மலேரியாவையும் அதன் உறவு நோய்களையும் உண்டாக்கும் நுண்கிருமிகள்தான். மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியத்தை நுளம்பு பரப்புகிறது. உறவு நோய்க் கிருமிகளில் ஹீமோப்ரோட்டியஸைச் சிறிய கடிபூச்சிகளும் பறவையின் இறகுக்குள் வாழும் ஈக்களும், லூக்கோசைட்டோசூனை ஓடும் நீரில் வளரும் கறுப்பு ஈக்களும் பரப்புகின்றன. மனிதரின் மலேரியாவை உண்டாக்கும் கிருமிகள் வேறு இனங்கள். பறவையுடையது நமக்குத் தொற்றாது. இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார அமைப்பு 2016இல் அறிவித்தது. ஆனால் அது மனித மலேரியாவைப் பற்றியது. இன்னொன்றையும் சொல்ல ஆசை: நுளம்பின் உடலுக்குள் மலேரியாக் கிருமி எப்படி வளர்ந்து பரவுகிறது என்பதை மருத்துவர் ரொனால்ட் ரொஸ் 1898இல் கல்கத்தாவில் கண்டறிந்தது பறவைகளை வைத்துத்தான்.

பதுளையிலிருந்து ஓர் உயர்தர மாணவன்: நிறையக் குஞ்சு வளர்க்கும் பறவையில் ஒட்டுண்ணி அதிகம் என்றால், உழைப்புத்தான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது, டீச்சர்?

தம்பி, விடயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கூடுகளைச் சும்மா பார்த்துக் கணக்கெடுத்தால் ஏமாந்துவிடுவோம். பலமுள்ள பறவைதான் அதிக முட்டை இடும். அதன் குருதியில் கிருமி குறைவாகவே இருக்கலாம். அப்போது உழைப்பால் தீங்கே இல்லை என்று தோன்றும். எனவே குஞ்சுகளை ஆய்வாளரே கூடு மாற்றி வைக்க வேண்டும். யாருக்குச் சுமை கூடும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் நமது பட்டாணிக் குருவியின் நெருங்கிய உறவினத்தில் இதைச் செய்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள். சில கூடுகளில் மேலதிகக் குஞ்சுகளை வைத்தார்கள். அந்தக் கூடுகளின் ஆண்கள் இரை கொண்டுவரும் வேகத்தை ஏறத்தாழ 50 வீதம் கூட்டின. மலேரியா கண்ட ஆண்களின் விகிதமோ இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. பெண்கள் இரை கொண்டுவருவதைக் கூட்டவில்லை, நோயும் கூடவில்லை. அதே குஞ்சுகள், அதே பொந்து. பாரத்தை ஏற்றவரின் குருதியில்தான் கிருமி. இந்த ஒப்பீட்டை நான் வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை.

உள்ளே நடப்பது இதுதான்: ஒருமுறை தொற்றிய கிருமி பெரும்பாலும் முற்றாக ஒழிவதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு, அதாவது நிர்ப்பீடனம், அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்தக் காவலுக்கும் சக்தி வேண்டும். சக்தி முழுவதும் இரை தேடுவதில் கரைந்தால் காவல் தளர்கிறது.

மாத்தளையிலிருந்து ஒரு தாய்: அப்படியானால் தாய்க்குருவிக்கு ஒன்றும் இல்லையா?

உண்டு. அவளுடைய செலவு முன்கூட்டியே வருகிறது. முதல் முட்டைகளை எடுத்துவிட்டு, மேலும் முட்டையிட வைத்த பெண் குருவிகளில் மலேரியா கூடியதை 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நாம் கஞ்சிக்கோப்பை ஏந்திப் பார்க்கும் பேறுகாலம் குருவிக்கும் இருக்கிறது, பராமரிக்க ஆள்தான் இல்லை.

நுவரெலியாவிலிருந்து: நம் ஊர்க் குளிரில் இந்த நோய் வருமா?

குளிர் ஒரு தடைதான். பறவை மலேரியாவின் முக்கிய இனமொன்று, சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே நுளம்புக்குள் வளர்வதில்லை. ஹவாயில் மலேரியாவை அறியாத பறவைகளுக்கு மலையுச்சியே புகலிடமாக இருந்தது. வெப்பம் ஏற ஏற நுளம்பும் மேலே ஏறுகிறது. நம் பறவைகள் அவற்றைப் போல நோய்க்கு முற்றிலும் புதியவை அல்ல. ஆனாலும் மலைநாட்டில் மட்டும் வாழும் இலங்கை வெள்ளைக்கண்ணியை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. அதற்கு இன்னும் மேலே போக மலை இல்லை.

பண்டாரவளையிலிருந்து: பாடசாலைச் செயற்றிட்டத்துக்குக் குருவி பிடித்துக் குருதி பார்க்கலாமா?

கூடாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் பயிற்சியும் வேண்டும். இரை கொண்டுவரும் தடவைகளை எண்ணுங்கள், அதுவே நல்ல தரவு.

மீண்டும் அப்புத்தளை மாணவி: குஞ்சு ஒன்று கீழே விழுந்துவிட்டது. வேறு கூட்டில் வைக்கலாமா, டீச்சர்?

வேண்டாம், மகள். அந்தக் கூட்டுக்காரருக்கு அது இன்னொரு வாய். அதன் சொந்தப் பொந்திலேயே வையுங்கள். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. வைத்ததும் தள்ளிப்போய் நில்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை அது புழுவைக் கவ்வியபடி கிளையிலேயே காத்திருக்கும்.