குரு சொன்னா வீட்டை எழுதிக் குடுத்துடணுமா?

தீட்சை குடுத்த சாமி வீட்டை ஆசிரமத்துக்கு எழுதி வைக்கச் சொல்றாரு, மறுத்தா குரு துரோகம்னு அம்மா பயந்து அழுறாங்கன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. அம்மாகிட்ட அவரைத் திட்டாதீங்க, இன்னும் அந்தப் பக்கம்தான் சாய்வாங்க. அவங்க நம்புற கதையிலேர்ந்தே பேசுங்க. மகாபாரதத்துல அம்பையைக் கட்டிக்கோன்னு பரசுராமர் சொன்னப்ப பீஷ்மர் கேக்கல, விரதம்தான் பெருசுன்னு குருவோடயே சண்டைக்கு நின்னாரு. ராமானுஜர் கதை இன்னும் நெருக்கம். யாருக்கும் சொல்லாதேன்னு அவரோட குரு திருக்கோஷ்டியூர் நம்பி குடுத்த மந்திர அர்த்தத்தை, நான் நரகம் போனாலும் பரவால்ல ஜனங்க பொழைக்கட்டும்னு கோயில் மேல ஏறி எல்லாருக்கும் சொல்லிட்டாரு, கோவமா வந்த நம்பி அந்தப் பதிலைக் கேட்டு உருகி அவரைக் கட்டிப் புடிச்சு எம்பெருமானார்னு கூப்பிட்டாருன்னுதான் வைணவ ஆச்சாரியர்கள் கதை சொல்ற குருபரம்பரையில சொல்வாங்க. அதான் குரு. தட்சிணைங்கிறது மனசார குடுக்குறது, மிரட்டி வாங்கினா அதுக்கு அந்தப் பேரே கெடையாதுங்க.

வீடு அம்மா பேர்லன்னா உஷாரா இருங்க, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தானப் பத்திரம் பதிவாயிட்டா அப்புறம் மனசு மாறினாலும் லேசுல ரத்து பண்ண முடியாது, அதனால கையெழுத்துக்கு முன்னாடி அம்மாவே ஒரு வக்கீலைத் தனியா பாத்துப் பேசட்டும். அவங்க தினமும் பண்ற ஜபத்தை மட்டும் நிறுத்தச் சொல்லிடாதீங்க.