வாஷிங் மெஷின் ஸ்பின் ஆகவில்லை. வாரண்டியில் வராது என்கிறார்கள்

கேள்வி: பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். 14 மாதத்துக்கு முன் ஒரு ஷோரூமில் 24,500 ரூபாய்க்கு டாப் லோடு வாஷிங் மெஷின் வாங்கினோம். மெஷினுக்கு 2 வருடம், மோட்டாருக்கு 10 வருடம் வாரண்டி. இரண்டு மாதமாகத் துவைக்கிறது, அலசுகிறது, ஸ்பின் மட்டும் ஆகவில்லை. முதலில் வந்த டெக்னீஷியன், "துணி அதிகமா போடுறீங்க" என்றார். அடுத்தவர் டிரெயின் பைப்பைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார். மூன்றாமவர், வோல்டேஜ் ஏறி இறங்கியதில் போர்டு போய்விட்டது, வாரண்டியில் வராது, 8,400 ரூபாய் ஆகும் என்கிறார். ஷோரூமில் கேட்டால், "கம்பெனியில பேசிக்கோங்க" என்கிறார்கள். படுக்கையில் இருக்கும் மாமியாரின் துணிகளைத் தினமும் துவைத்தாக வேண்டும். கேஸ் போட்டால் புது மெஷின் கிடைக்குமா? இந்தத் தொகைக்கு வக்கீல் வைத்தால் கட்டுபடியாகுமா?

பதில்: தாராளமாகப் புகார் தரலாம். வக்கீல் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. புது மெஷின் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஒரே கோளாறுக்கு மூன்று பேர் மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்களே, உங்கள் பக்கத்தின் பலமே அதுதான். ஆனால் அது காகிதத்தில் இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட் (என்ன கோளாறு, என்ன வேலை பார்த்தார்கள் என்று எழுதித் தரும் தாள்) கொடுத்தார்களா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கஸ்டமர் கேருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, மூன்று வருகைகளின் சர்வீஸ் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். புகார் எண் வந்த எஸ்.எம்.எஸ்.களை அழித்துவிடாதீர்கள். வாயால் சொன்ன காரணத்தை அவர்கள் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்த பிறகு மாற்ற முடியாது.

அப்புறம், நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். கம்பெனி தரப்பு முதலில் சொல்லப்போவது "சரியாகப் பயன்படுத்தவில்லை" என்பதுதான். அதற்கு இப்போதே பதில் தயாராக இருக்கட்டும். மெஷினில் ஒரு துணிகூட இல்லாமல், நான்கு கால்களும் ஆடாமல் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, மூடியைச் சரியாக மூடி ஸ்பின் மட்டும் ஓடவிடுங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கரில் தொடங்கி, இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். காலியாக இருக்கும்போது சுற்றினால், துணியின் எடை ஒரு பக்கமாகச் சேர்வது பிரச்சினையாக இருக்கலாம். ஒற்றைக் கனமான போர்வையை மட்டும் போட்டால் பல மெஷின்கள் இப்படி நின்றுவிடும். தண்ணீர் வடியாமல் தேங்கி நின்றால் டிரெயின் பக்கம் அடைப்போ பம்ப் கோளாறோ இருக்கிறது. தண்ணீர் முழுக்க வடிந்து, காலி டப்பும் சுற்றவில்லை என்றால் கோளாறு உள்ளே: மூடி சுவிட்ச், பெல்ட், கிளட்ச், கெப்பாசிட்டர், மோட்டார், போர்டு என ஏதோ ஒன்று. அப்படியானால் "துணி அதிகம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்பக்க மூடியை நீங்களும் திறக்காதீர்கள், வெளி மெக்கானிக்கையும் இப்போதைக்குத் திறக்க விடாதீர்கள். ஷாக் அடிக்கும் ஆபத்து ஒரு புறம். "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்று வாரண்டியையே மறுத்துவிடுவார்கள் என்பது இன்னொரு புறம்.

இப்போது அந்த வோல்டேஜ் கதை. வாரண்டி கார்டை எடுத்து, மின்சார ஏற்ற இறக்கத்தால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று படியுங்கள். பெரும்பாலும் இருக்கும். இருந்தாலும் அந்த வரியைக் காட்டியதோடு அவர்கள் வேலை முடிவதில்லை. மெஷின் ஓடவில்லை, வாரண்டி காலமும் முடியவில்லை என்று நீங்கள் காட்டிய பிறகு, விலக்கு பொருந்தும் என்பதைக் கம்பெனிதான் காட்ட வேண்டும். உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில் மீட்டர் வைத்து அளந்தாரா? போர்டில் எந்தப் பாகம் கருகியது, படம் எடுத்தாரா? அதே லைனில் இருக்கும் ஃபிரிட்ஜும் டிவியும் நன்றாகத்தானே ஓடுகின்றன? இந்தக் கேள்விகளை அப்படியே எழுதிக் கேளுங்கள். ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று அட்டைப்பெட்டியிலோ விளம்பரத்திலோ போட்டிருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். 10 வருட மோட்டார் வாரண்டியைப் பற்றி வாக்குவாதமே வேண்டாம். முழு மெஷினுக்கும் 2 வருடம் இருக்கும்போது எந்தப் பாகம் போனது என்பது உங்கள் கவலை இல்லை.

இதற்கெல்லாம் அடிப்படை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு இரண்டையும் சேர்த்தே கேட்கலாம். ஷோரூம், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். பில் போட்டுப் பணம் வாங்கிய கடை, கம்பெனியைக் கை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள விடாதீர்கள்.

முதலில் இருவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். வாங்கிய தேதி, பில் எண், மூன்று வருகைகள், மூன்று காரணங்கள் எல்லாவற்றையும் எழுதி, "15 நாளுக்குள் இலவசமாகப் பழுது நீக்கித் தர வேண்டும், மறுத்தால் காரணத்தை ஆதாரத்துடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்று முடியுங்கள். தமிழில் எழுதினாலே போதும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். இந்த அளவுத் தகராறுகள் பல அங்கேயே முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன்.

முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னையில் வட சென்னை, தென் சென்னை என இரண்டு இருக்கின்றன; நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே தாக்கல் செய்யலாம் என்று சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பொருளை ஆய்வகத்தில் பரிசோதிக்கத் தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

புது மெஷின்? மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு போர்டை மாற்றினால் சரியாகிவிடும் என்ற நிலையில், இலவசப் பழுதுநீக்கமும் இழப்பீடும் கிடைக்கும் வாய்ப்புதான் அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் முதல் கோரிக்கையாக இலவசப் பழுதுநீக்கம், அது முடியாவிட்டால் விலையைத் திருப்பித் தருவது, இவற்றோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் என்று கேளுங்கள். போர்டு மாற்றிய பிறகும் அதே கோளாறு திரும்பினால், முழு விலையைக் கேட்கும் உங்கள் வாதம் பல மடங்கு வலுவாகிவிடும்.

படுக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு தீர்ப்பு வரும்வரை கையால் துவைத்துக்கொண்டிருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் 8,400 ரூபாயைக் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பில்லிலும் ஜாப் ஷீட்டிலும் "உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, படம் எடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆணையம் பரிசோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் அதுதான் வேண்டும். தர மறுத்தால், "போர்டை எடுத்துச் செல்கிறோம்" என்று எழுதி வாங்குங்கள். பிறகு அந்த 8,400 ரூபாயைப் புகாரில் கோரலாம். இந்த இரண்டு மாதத்தில் துணியை வெளியே லாண்டரியில் கொடுத்திருந்தால் அந்த ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள், அந்தச் செலவையும் கேட்கலாம்.