மாடல் மேசை: பழைய நீர்மூழ்கிக்கு முதலில் துளை, பிறகு பித்தளை

கேள்வி: பல வருடங்களாகப் பெட்டியிலேயே கிடந்த ஜெர்மன் டைப் 7சி நீர்மூழ்கியின் பிளாஸ்டிக் மாடல் கிட், அளவு 1:144. ஒட்டிப் பார்த்தால் குளியல் தொட்டிப் பொம்மை மாதிரி இருக்கிறது. பித்தளை டீட்டெய்ல் செட் (கைப்பிடி, ஏணி போன்ற நுண்பாகங்கள்) வாங்கினால் சரியாகுமா?

பதில்: செட்டுக்கு அவசரம் வேண்டாம். முதலில் ஸ்கேலைச் சரிபாருங்கள். பழைய கிட்டுகளின் பெட்டியில் போட்டிருக்கும் விகிதத்தை நம்ப முடியாது. நிஜப் படகின் நீளம் 67.1 மீட்டர். 1:144 என்றால் மாடல் 46.6 செ.மீ. வர வேண்டும். 44 செ.மீ.தான் வருகிறதென்றால் உங்களிடம் இருப்பது ஏறத்தாழ 1:152. அதில் 1:144 செட்டின் கைப்பிடிகளும் ஏணியும் பொருந்தாது.

பொம்மைத்தனத்துக்குக் காரணம் இரண்டு: அடைபட்ட துளைகள், பிளாஸ்டிக்கின் தடிமன். நிஜப் படகில் மேல்தளத்துக்கும் அழுத்தம் தாங்கும் உள்உடலுக்கும் நடுவே தண்ணீர் தாராளமாகப் புகுந்து வெளியேறும். பக்கவாட்டில் வரிசையாகத் தெரியும் துளைகள் அதற்குத்தான். பழைய கிட்டில் அவை வெறும் பள்ளங்கள். கறுப்புப் பெயின்ட் தடவினாலும் பள்ளமாகவே தெரியும்.

ஒவ்வொன்றாகக் குடைவதைவிட உள்பக்கமிருந்து தேய்ப்பது சுலபம். உருண்டை முனை போட்ட ரோட்டரி டூலை (கையடக்கச் சுழல் கருவி) மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, துளை வரிசைக்குப் பின்னாலுள்ள சுவரை மெலிய வையுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி முனையில் சுற்றிக்கொள்ளும். அடிக்கடி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பள்ளங்கள் வெளிச்சம் விடத் தொடங்கியதும் டூலை வைத்துவிட்டுக் கத்தியால் சுரண்டுங்கள். துளைகள் தாமாகவே திறந்துகொள்ளும். ஓரங்களைச் சின்ன அரத்தால் ஒழுங்குபடுத்தினால் போதும். விளிம்பும் மெலிந்துவிடுவது இதில் கூடுதல் லாபம். 1.5 மி.மீ. சுவர் என்பது நிஜ அளவில் 21 செ.மீ.க்கும் மேல், எந்தப் படகின் வெளித்தகடும் அப்படி இருக்காது.

ஒரு துளை கோணலாகிவிட்டால் பட்டி போட்டு அடைத்து மறுபடி குடையாதீர்கள், விளிம்பு பொரிந்துவிடும். பிளாஸ்டிக் பட்டையைச் செருகி ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

மெலிந்த சுவர் தளர்ந்து ஆடும். உள்ளே 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் மூன்று நான்கு குறுக்குத் தடுப்புகள் ஒட்டுங்கள். ஒரு பக்கத் துளை வழியாக மறுபக்க வெளிச்சம் தெரிந்தால் கதையே கெட்டது. அதனால் உடலை மூடுவதற்கு முன் உட்புறம் முழுக்க மேட் கறுப்பு அடித்து, நடுவில் உள்உடலுக்குப் பதிலாக ஒரு கறுப்புக் குழாயை வைத்துவிடுங்கள். ஸ்டாண்டுக்கான நட்டுகளை ஒட்டவும் இதுவே தருணம். மூடிய பிறகு நினைவு வந்து பயனில்லை.

மேல்தள இடுக்குகளையும் திறக்க வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். 1:72-ல் செய்யலாம். 1:144-ல் கறுப்பு வாஷ், அதாவது இடுக்குகளில் வழியவிடும் நீர்த்த பெயின்ட், போதும்.

கேள்வி: இரண்டு பாதியையும் ஒட்டி, பட்டி பார்த்து, வழவழவென்று தேய்த்தேன். பெயின்ட் அடித்து ஒரு வாரத்தில் இணைப்புக் கோடு திரும்பத் தெரிகிறது. ஏன்?

பதில்: அவசரம்தான் காரணம். கரைப்பான் பசை பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுகிறது. அது ஆவியாகி முடியும்வரை இணைப்பு உள்வாங்கிக்கொண்டே இருக்கும். மேலே போட்ட பட்டியும் காயக் காயச் சுருங்கும். ஒட்டிய பிறகு மூன்று நாள் தொடாதீர்கள். பட்டியை ஒரே தடவையில் அப்பாமல் மெல்லிசாக இரண்டு முறை போடுங்கள். சூப்பர் குளூவால் நிரப்பினால் சுருக்கம் மிகக் குறைவு. ஆனால் இறுகியதும் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், பசை மேடாக நிற்கப் பக்கத்து பிளாஸ்டிக் பள்ளமாகும். உப்புத்தாள் 400, 600, 1000 என்ற வரிசையில், தண்ணீர் தொட்டு. பிறகு சாம்பல் பிரைமர் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியதை அது காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கிட்டின் குறிப்பேடு அடிப்பகுதிக்குச் சிவப்பு என்கிறது. 88 மி.மீ. பீரங்கியும் இருக்கிறது, கோபுரத்துக்குப் பின்னால் இரண்டடுக்கு விமான எதிர்ப்பு மேடையும் இருக்கிறது. எல்லாவற்றையும் பொருத்தலாமா?

பதில்: கூடாது. வெவ்வேறு வருடத்துச் சாமான்களை ஒரே பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அட்லாண்டிக் படகுகளில் 1943 வாக்கில் 88 மி.மீ. பீரங்கியைப் பெரும்பாலும் கழற்றிவிட்டார்கள். இரண்டடுக்கு மேடை பரவலானதும் அந்த ஆண்டில்தான். ஸ்நோர்க்கல் (மூழ்கியபடியே காற்றை இழுக்கும் குழாய்) 1944. ஏதாவது ஒரு படகு, ஒரு தேதி என்று தீர்மானித்து அந்தக் காலப் புகைப்படத்தைப் பின்பற்றுங்கள். துளைகளின் அமைப்புகூடப் படகைக் கட்டிய கப்பல் தளத்துக்குத் தளம் மாறும். ஜெர்மனியின் லாபோவில் 1972 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் யு-995 நீர்மூழ்கியின் படங்கள் உடல் வளைவுக்கு நல்ல துணை. ஆனால் அது 7சி/41 வகை. போருக்குப் பின் நார்வே கடற்படையில் ஓடி, பிறகு பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதிலுள்ள ஒவ்வொரு திருகையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

சிவப்பை விடுங்கள். கீழே அடர் சாம்பல், மேலே வெளிர் சாம்பல். மேல்தள மரத்துக்குப் புதுப் பலகையின் பழுப்பு வேண்டாம். கிட்டத்தட்டக் கறுப்பான சாம்பல்தான் பொருந்தும். துரு விஷயத்தில் கை கட்டுப்பாடு தேவை: துளைகளின் கீழ்விளிம்பிலிருந்து மெல்லிய கோடுகளாக எண்ணெய்ப் பெயின்டில் இழுத்து, தின்னர் தொட்ட ஈரப் பிரஷ்ஷால் கீழ்நோக்கி மங்கவிடுங்கள். அடியில் அக்ரிலிக் பெயின்ட், அதன்மேல் வார்னிஷ் இருந்தால் தின்னர் அதைக் கரைக்காது.

கேள்வி: ஆன்டெனா கம்பிக்குத் தையல் நூல் கட்டினேன். கயிறு மாதிரி தெரிகிறது, தொய்ந்தும் போகிறது.

பதில்: நூலில் பிசிர் இருக்கும், ஈரக்காற்றில் தளரும். கிட்டின் ஸ்ப்ரூவை (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டக் குச்சி) மெழுகுவர்த்திக்கு மேலே, சுடரில் படாமல் சுழற்றுங்கள். பளபளத்து இளகியதும் வெளியே எடுத்து இழுங்கள். வேகமாக இழுத்தால் மெல்லிய இழை, மெதுவாக இழுத்தால் தடித்த இழை. சூப்பர் குளூவால் இரு முனையும் ஒட்டிய பின் தொய்வு இருந்தால், ஊதி அணைத்த தீக்குச்சியைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். இழை சுருங்கி விறைக்கும். தொட்டால் அறுந்துவிடும். கை அடிக்கடி படும் மாடலுக்கு எலாஸ்டிக் இழையே மேல். இன்சுலேட்டருக்கு வெள்ளைப் பசையை ஊசி முனையால் சொட்டுச் சொட்டாக வையுங்கள். இதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெக்கால் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண், சின்னங்கள்) மஞ்சளாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் முகப்பு வெளியே பார்க்கும்படி ஒரு வாரம் ஒட்டிவையுங்கள், மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். தண்ணீரில் இடுமுன் தேவையில்லாத ஒரு டெக்காலைச் சோதித்துப் பாருங்கள். துண்டு துண்டாகப் பிரிந்தால் மீதித் தாள் முழுக்கப் பளபள வார்னிஷ் அடித்து, காய்ந்ததும் ஒவ்வொன்றையும் விளிம்பொட்டி வெட்டி எடுங்கள்.